தலைசுற்றலுக்கு அசைவே மருந்து

தைப்பூச நாளில் பழனிக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். மலையடிவாரத்துக் கிரிவீதியில் உருமியும் நையாண்டி மேளமும் முழங்க, மயிற்பீலி கட்டிய காவடியைத் தோளில் ஏந்தி ஒருவர் ஆடி வருகிறார். மேளம் விரைய விரைய அவருடைய சுழற்சியும் விரைகிறது. பத்துச் சுற்று, இருபது சுற்று என்று எண்ணத் தொடங்கியவர்கள் கணக்கை மறந்து விடுகிறார்கள். மேளம் ஓய்ந்ததும் அவரும் நிற்கிறார். காவடி ஒரு பக்கமும் சாயவில்லை, கால் தடுமாறவில்லை. சற்று இளைப்பாறிய பின், அதே காவடியோடு ஏறத்தாழ 700 படிகளைக் கொண்ட மலையின்மீது ஏறத் தொடங்குகிறார்.

அதே வீதியின் ஓரத்தில் இரண்டு சிறுமியர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுகிறார்கள். ஏழெட்டுச் சுற்றுக்குள் இருவரும் தரையில் விழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவ்வேளையில் அவர்களுடைய கண்களை உற்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். கருவிழி ஒரு பக்கமாக மெல்ல நகர்கிறது; பின்பு சட்டென்று மறுபக்கம் துள்ளுகிறது; மீண்டும் மெல்ல நகர்கிறது. அச்சிறுமியர் அதனை விரும்பிச் செய்யவில்லை. தடுக்க முயன்றாலும் அவர்களால் எளிதில் தடுக்க இயலாது. மருத்துவர்கள் இதனை விழிநடுக்கம் என்பர்.

காவடி எடுத்தவரும் சுழன்றார், சிறுமியரும் சுழன்றனர். அவர் நிற்க, இவர்கள் விழுவானேன்? இவ்வினாவிற்கு விடை தேடிச் சென்றால், தலைசுற்றலைப் பற்றி மனிதன் அறிந்துகொண்ட வரலாறு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியிருக்கும். சிறுமியரின் தலைசுற்றல் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும் விளையாட்டு. சுழலாமலே சுற்றல் வந்து, வாரக்கணக்கில் தீராமல் துன்புறுவோரும் உளர். காலையில் எழும்போதே வீடு சுழல்கிறது. இருட்டில் ஓர் அடி எடுத்து வைக்க முடிவதில்லை. தெருவில் தள்ளாடி நடந்தால், குடித்திருக்கிறான் என்று அயலார் முணுமுணுக்கிறார்கள். வேலை போகிறது, நாளடைவில் வீட்டை விட்டு வெளியே வரும் துணிவும் போகிறது. இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

தலைசுற்றல் என்றதும் நம் வீடுகளில் பித்தம் என்று சொல்லி, எலுமிச்சைச் சாறோ இஞ்சியோ கொடுப்பது வழக்கம். ஐரோப்பிய மருத்துவர்கள் தலைக்கு மிகுதியாகக் குருதி ஏறிவிட்டது என்று கூறி, நரம்பைக் கீறியும் அட்டை விட்டும் குருதியை வெளியேற்றி வந்தார்கள். மருந்து எதுவாயினும் உடன் கூறும் அறிவுரை எங்கும் ஒன்றே: கண்ணை மூடிப் படுத்துக்கொள், அசையாதே. இது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். அசைந்தால் சுற்றல் மிகுகிறது. ஆகவே அசையாதிருப்பதே நலம் அன்றோ? இவ்வறிவுரை பெருந்தவறு என்பது தெளிவாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

முதலில் தலைசுற்றலின் இருப்பிடம் எது என்று அறிய வேண்டியிருந்தது. 1820களில் பாரிஸ் நகரில் பிளூரான்ஸ் என்னும் அறிஞர் புறாக்களின் காதுகளை ஆராய்ந்தார். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் கூடுவதைப் போல, அம்மூன்றும் மூன்று திசைகளில் அமைந்துள்ளன. காது கேட்பதற்கே இருப்பது என்று எண்ணியிருந்த காலம் அது. பிளூரான்ஸ் ஒரு குழலைத் துண்டித்தார். புறாவின் செவிப்புலன் கெடவில்லை. ஆனால் அதன் தலை ஒரே திசையில் ஆடத் தொடங்கியது. வேறொரு குழலைத் துண்டித்தபோது தலை வேறு திசையில் ஆடியது. எந்தக் குழல் எத்திசையில் அமைந்திருந்ததோ அத்திசையிலேயே ஆட்டமும் இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பொஹீமிய நாட்டுப் பர்க்கின்யே சுழற்சியைத் தம்மிடமே சோதித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தபடி சுழன்று நின்றபின் தலையை நிமிர்த்தினால் உலகம் சுழலும் திசையும் மாறுகிறது என்று கண்டார். இருவருடைய கண்டுபிடிப்பும் ஒன்றோடொன்று பொருந்துபவை. ஆயினும் அவற்றை இணைத்துக் காண்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

அந்த இணைப்பை மாணவர்கள் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். ஒரு செம்பில் நீர் நிரப்பி, அதில் ஒரு துளசி இலையை மிதக்கவிடுங்கள். செம்பைச் சட்டென்று திருப்பினால் செம்பு திரும்பும். இலை இருந்த இடத்திலேயே இருக்கும். தொடர்ந்து சுழற்றினால் சிறிது நேரத்தில் நீரும் இலையும் செம்போடு சேர்ந்து சுழலும். இப்போது செம்பை நிறுத்துங்கள். செம்பு நின்ற பின்னும் இலை சுழன்றுகொண்டே இருக்கும். உட்செவிக் குழலிலும் நீர்மம் உண்டு. அந்நீர்மத்தின் தள்ளுதலால் வளையும் நுண்மயிர்கள், தலை திரும்புகிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. தட்டாமாலை நின்ற பின்னும் செவியிலிருந்து, இன்னும் சுழல்கிறாய் என்ற பொய்ச் செய்தி போய்க்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். இதனை 1873 முதல் 1875 வரையுள்ள காலத்தில் மாக், பிராயர், கிரம் பிரௌன் என்னும் மூவர் தனித்தனியே விளக்கினர்.

கண் ஏன் ஆட வேண்டும்? அதற்கும் ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் விரைவாக அசைத்தவாறு படியுங்கள். எழுத்துகள் நிலையாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல் அதே வேகத்தில் புத்தகத்தை அசையுங்கள், எழுத்துகள் கலங்கிவிடும். தலை வலப்புறம் திரும்பினால், அதே கணத்தில் கண்ணை அதே அளவு இடப்புறம் திருப்புமாறு செவி ஆணையிடுகிறது. நாம் ஓடும்போதும், மாட்டுவண்டியில் குலுங்கிச் செல்லும்போதும், உலகம் அசையாமல் நிற்பது இந்த ஆணையினால்தான். பொய்ச் செய்தி வரும்போது ஆணையும் பொய்யாகிறது. கண் மெல்ல ஒரு புறம் இழுக்கப்படுகிறது. ஓர் எல்லையை அடைந்ததும் மூளை அதனை வெடுக்கென்று திருப்பிக் கொணர்கிறது. விழிநடுக்கம் என்பது இதுவே.

1861-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. படித்தவர் ப்ராஸ்பெர் மேனியேர். காது கேளாதோர் பள்ளியின் மருத்துவர். திடீரென்று தலைசுற்றல், வாந்தி, காதில் இரைச்சல், செவிடு ஆகியவை சேர்ந்து வரும் நோயாளிகள் பலரை அவர் பார்த்திருந்தார். மூளைக்குக் குருதி ஏறியது என்று சொல்லி இவர்களை மேலும் மெலியச் செய்யாதீர்கள், நோய் மூளையில் இல்லை, உட்செவியில் இருக்கிறது என்று அவர் வாதாடினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

இங்கே பழனிக் கதை ஒன்று நமக்கு உதவும். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை ஒரு தண்டின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து வந்தான் இடும்பன். அதுவே முதற் காவடி என்பர். நம் இரு செவிகளும் அத்தகைய காவடியே. நாம் அசையாமல் அமர்ந்திருக்கும்போதுகூட இரண்டு உட்செவிகளிலிருந்தும் மூளைக்கு இடைவிடாது துடிப்புகள் சென்றுகொண்டிருக்கின்றன. இரண்டும் சமமாயிருக்கும் வரை, தலை அசையவில்லை என்று மூளை கொள்ளும். ஒரு செவி திடீரென்று நோயுற்று ஓய்ந்துவிட்டால் தண்டு ஒரு புறம் சாய்கிறது. படுத்திருப்பவனுக்கும் தான் சுழல்வதாகத் தோன்றுகிறது, கண் ஆடுகிறது, எழுந்தால் ஒரு பக்கம் விழுகிறான். ஒரு பக்கத்துச் சுமை குறைந்த காவடிக்காரர் என்ன செய்வார்? தண்டைத் தோளில் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு நடப்பார். மூளையும் அவ்வாறு தண்டை நகர்த்தி வைத்துக்கொள்ள வல்லது. எப்போது, எவ்வாறு நகர்த்துகிறது என்பதே நம் கதையின் பிற்பகுதி.

அதற்குமுன் வியன்னாவில் வாழ்ந்த ராபர்ட் பாராணியைக் காணாமல் செல்ல முடியாது. சிறுவயதில் எலும்பைத் தாக்கிய காசநோயால் முழங்கால் விறைத்துப் போனவர் அவர். காது மருத்துவராகி, நோயாளிகளின் காதை நீர் பீச்சிக் கழுவுவது அவருடைய அன்றாட வேலையாயிருந்தது. கழுவியபின் சிலர் தலைசுற்றுகிறது என்பர். அவர்கள் கண்கள் ஆடும். ஒருநாள் ஒரு நோயாளி, நீர் குளிர்ந்திருந்தால்தான் தமக்குச் சுற்றுகிறது என்றார். மற்றொரு சமயம் நீர் அளவுக்கு மீறிச் சூடாயிருந்தது. அப்போதும் தலைசுற்றியது, ஆனால் கண்கள் எதிர்த்திசையில் ஆடின. பாராணிக்குக் குளியலறை வெந்நீர்க் கொப்பரை நினைவுக்கு வந்தது. அதில் சூடான நீர் மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். உட்செவி நீர்மமும் அவ்வாறே ஒரு பக்கம் சூடுபட்டால் எழுந்தும், குளிர்பட்டால் இறங்கியும் ஓடுகிறது என்று அவர் முடிவு செய்தார். தலையைத் திறக்காமலே, சிறிது நீரைக் கொண்டு, எந்தச் செவி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அறியும் வழி அதனால் பிறந்தது.

முதல் உலகப் போரில் பாராணி ஆஸ்திரியப் படையில் மருத்துவராகச் சேர்ந்து, ரஷ்யரிடம் சிறைப்பட்டு, நடு ஆசியாவிலுள்ள மெர்வ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1914-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்ட செய்தி அந்தச் சிறைமுகாமில்தான் அவரை எட்டியது. ஸ்வீடன் நாட்டு இளவரசர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக முயன்று 1916-இல் அவரை விடுவித்தார். பின்னர் உப்சாலாவில் பேராசிரியராய் இருந்து 1936-இல் மறைந்தார். அவர் சொன்ன கொப்பரை விளக்கம் முழு உண்மை அன்று என்பதை இடையில் சொல்லிவிட வேண்டும். 1983-இல் விண்கலத்தில், சூடான நீர்மம் மேலெழும் என்பதற்கே இடமில்லாத எடையற்ற நிலையில், இச்சோதனையைச் செய்து பார்த்தார்கள். அங்கும் கண்கள் ஆடின. விளக்கம் குறைபட்டாலும் சோதனை குறைபடவில்லை. இன்றும் மருத்துவமனைகளில் அது நடைபெறுகிறது.

நோயைக் கண்டறியும் வழி கிடைத்தது. ஆனால் நோயாளிக்கோ இன்னும் அதே அறிவுரைதான்: அசையாதே.

அதனை மாற்றியது மற்றொரு போர். இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்ட வீரர்கள் பலர் தலைசுற்றலோடு மருத்துவமனைகளில் கிடந்தனர். லண்டனில் காது அறுவை மருத்துவர் டெரன்ஸ் காதார்ன் ஒரு செய்தியைக் கவனித்தார். சொன்ன சொல் கேட்டுப் படுக்கையிலேயே அசையாது கிடந்தவர்கள் மெல்லத் தேறினர். கட்டுக்கடங்காமல் எழுந்து நடமாடி, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் விரைவில் தேறினர். அவருடன் கூக்ஸி என்னும் உடலியக்க மருத்துவர் சேர்ந்துகொண்டார். இருவரும் 1940களின் நடுவில் ஒரு பயிற்சி முறையை வகுத்து வெளியிட்டனர். பிளூரான்ஸின் புறாவிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 120 ஆண்டுகள்.

அப்பயிற்சியைப் பார்த்தால், இதுவா மருத்துவம் என்று வியப்புத் தோன்றும். முதலில் படுக்கையில் கிடந்தபடியே, தலையை அசைக்காமல் கண்ணை மேலும் கீழும், இடமும் வலமும் ஓட்டுதல். விரலைத் தொலைவிலிருந்து மூக்கருகே கொணர்ந்து அதிலேயே நோக்கை நிறுத்துதல். பிறகு தலையை முதலில் மெல்லவும் பின்பு விரைவாகவும், இறுதியில் கண்ணை மூடியும் அசைத்தல். அடுத்து உட்கார்ந்துகொண்டு, குனிந்து தரையிலுள்ள பொருளை எடுத்தல். அதன்பின் நின்றுகொண்டு, சிறு பந்தொன்றைக் கண்ணுக்கு மேலே ஒரு கையிலிருந்து மறுகைக்கு எறிந்து பிடித்தல். பின்னர் அறையின் குறுக்கே நடத்தல், சரிவில் ஏறி இறங்குதல், படியில் ஏறி இறங்குதல். ஒவ்வொன்றும் முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. கடைசியாகப் பந்து விளையாட்டு. இவற்றைத் தனியே அன்றிக் கூட்டமாய்ச் செய்யுமாறு அவர்கள் ஏற்பாடு செய்தனர். தலைசுற்றல் கொண்டவனுக்கு நோயைவிட அச்சமே பெரிய பகை. தன்னைப்போல் தள்ளாடும் ஒருவன் பந்தைப் பிடித்துவிட்டுச் சிரிப்பதைக் கண்டால் அச்சம் பாதியாய்க் குறையும்.

இப்பயிற்சியின் உள்ளுறை எளியது. எந்த அசைவு தலைசுற்றலை உண்டாக்குகிறதோ, அதே அசைவைச் சிறு அளவில் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். பிழை நேர்ந்தால்தான் மூளை திருத்திக்கொள்ளும். அசையாது கிடப்பவனுடைய மூளைக்குத் தன் பிழை தெரியவே வழியில்லை. பின்வந்த ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. ஒரு பக்கத்து உட்செவி நரம்பை இழந்த குரங்குகளில், கட்டி வைக்கப்பட்டவை நடமாட விடப்பட்டவற்றைக் காட்டிலும் தாமதமாகத் தேறின என்று 1970களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். அக்காலத்திலேயே பூனைகளைக் கொண்டு செய்த சோதனையில், இருட்டில் வைக்கப்பட்டவற்றின் விழிநடுக்கம் அடங்கத் தவறியது. கண்ணை மூடிப் படுத்துக்கொள் என்ற பழைய அறிவுரையில் இரண்டு தவறுகள் இருந்தன: படுக்கை ஒன்று, மூடிய கண் மற்றொன்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஒரு செவி ஓய்ந்தால் காவடி சாயும் என்றோம். இரு செவிகளும் ஒருங்கே ஓய்ந்தால்? தண்டின் இரு முனைகளிலும் சுமை இல்லை. ஆகவே சாய்வும் இல்லை, சுற்றலும் பெரிதாக இல்லை. ஆனால் நிலையும் இல்லை. இத்தகைய நோயாளிகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கியது, உயிர்காக்கும் மருந்து ஒன்று.

1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயை எதிர்த்து நின்ற முதல் நல்ல மருந்து. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதனை முறையாகச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் மருந்து பெற்ற 55 நோயாளிகளில் 36 பேருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் அது தோன்றியது. நுரையீரலைக் காத்த மருந்து உட்செவியின் நுண்மயிர்களை அழித்திருந்தது. அவை மனிதனுக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைத்து முன்போல் ஆவதில்லை.

அந்நிலை எத்தகையது என்பதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். ஜே. சி. என்ற இரண்டு எழுத்துகளை மட்டுமே அவர் தம் பெயராக வெளியிட்டார். ஸ்ட்ரெப்டோமைசினால் இரு செவிகளின் நிலைப்புலனையும் இழந்தவர் அவர். நாடி துடிக்குந்தோறும் தலை நுண்ணிதாக அசைவது நம் யாருக்கும் தெரியாது. அவருக்கோ அந்தத் துடிப்புக்கேற்பப் புத்தகத்தின் எழுத்துகள் துள்ளின. கட்டிலின் தலைமாட்டிலுள்ள இரண்டு கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் படித்தார். நடக்கும்போது பெயர்ப் பலகைகளைப் படிக்க இயலவில்லை; நின்றால்தான் எழுத்து நிலைத்தது. ஆயினும் அவர் முடங்கிவிடவில்லை. கண்ணையும் உள்ளங்காலையும் மூட்டுகளையும் துணைக்கொண்டு சிறிது சிறிதாக நடமாடக் கற்றுக்கொண்டார்.

நம் சென்னையில் 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி அமைத்த நிலையம் அது. அங்கே எழுந்த முதல் வினாவே நமக்கு மிகவும் நெருங்கியது. காசநோயாளிக்கு மலைக்காற்றும், நல்ல உணவும், மாதக்கணக்கான படுக்கை ஓய்வும் இன்றியமையாதவை என்று உலகம் நம்பியிருந்தது. அத்தனை படுக்கைகளுக்கு ஏழை நாடு எங்கே போகும்? நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டில் இருத்தியும், இருசாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு, வீடும் நெருக்கடியானது. 1959-இல் முடிவு வெளிவந்தது. இருசாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். படுக்கை ஓய்வு என்னும் பெரிய தெய்வம் சேத்துப்பட்டில் பீடத்திலிருந்து இறங்கியது எனலாம். காதார்ன் தலைசுற்றலில் கண்டதும் சென்னை காசநோயில் கண்டதும் வெவ்வேறு காரணங்களால் விளைந்தவை. ஆனால் இரண்டும் சேர்ந்து மருத்துவத்தில் ஒரு பழைய பழக்கத்தை அசைத்துவிட்டன.

அந்நிலையமே 1964-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசினை நாள்தோறும் அன்றி வாரத்தில் இருமுறை, வேளைக்கு 1 கிராம் வீதம், ஐசோனியாசிட் என்னும் மருந்துடன் சேர்த்து, மருத்துவர் கண்ணெதிரிலேயே கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று அது காட்டியது. நோயாளி மருந்தைத் தவறாமல் பெறச் செய்வதே அந்த ஆய்வின் முதல் நோக்கம். எனினும் 1948-இல் ஒரு வாரத்திற்கு 14 கிராம் பெற்ற உடல் இப்போது 2 கிராமே பெற்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் ஊசியின்றி வாய்வழி மருந்துகளாலேயே காசநோயைக் குணப்படுத்த முடிந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம், மறுமுறை சிகிச்சை பெறுவோர்க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ந்த மருந்துமுறையையும் கைவிடச் சொன்னது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டமைசின் முதலிய மருந்துகள் வேறு நோய்களுக்கு இன்றும் பயன்படுகின்றன. அவை உட்செவியைத் தாக்கும் செய்தி பழைய செய்தியாகிவிடவில்லை.

மறுவாழ்வு மருத்துவம் என்னும் துறைக்கே தமிழகத்தில் வித்திட்டவர் வேலூர் மேரி வர்கீஸ். 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அம்மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று இத்துறையைப் பயின்று வந்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. இழந்ததை மீட்க இயலாதபோது எஞ்சியதைப் பயிற்றுவது என்னும் அத்துறையின் நெறியே, செவியிழந்தவர்க்கும் பொருந்தும் நெறி.

1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இருவர், தலையைக் குறிப்பிட்ட ஒரு நிலையில் சாய்த்தால் மட்டும் வரும் தலைசுற்றலைப் படுக்கையிலேயே கண்டறியும் முறையை விளக்கினர். டிக்ஸ் அம்மையார் போர்க்காலக் குண்டுவீச்சில் முகத்திலும் கண்களிலும் காயமுற்று, அறுவை மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டு இத்துறைக்கு வந்தவர். உட்செவியில் நிலைப்புலனுக்கு உதவும் நுண்ணிய சுண்ணக் கற்கள் உண்டு. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டால், கட்டிலில் புரளும்போதும் பரணைப் பார்த்து அண்ணாக்கும்போதும் உலகம் சுழலும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி, தலையை ஒரு முறைப்படி நான்கைந்து நிலைகளில் திருப்பி, அக்கற்களை வந்த வழியே வெளியேற்றலாம் என்றார். மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிடங்களில் குணம் என்றால் யார் நம்புவார்? பல ஆண்டுகள் அவரைச் சக மருத்துவர்கள் எள்ளினர். 1992-இல் அவர் கட்டுரை வெளிவந்த பின்னரே அம்முறை பரவியது. இன்று உலகெங்கும் அது வழக்கில் உள்ளது.

இப்பயிற்சிகள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்லலாம். ஒரு பக்கத்து உட்செவிக் குறையால் துன்புறுவோரைப் பற்றிய 39 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த அறிக்கையொன்று 2015-இல் வெளிவந்தது. பயிற்சி தீங்கற்றது, பயனுடையது என்பதே அதன் முடிவு. அதற்காக எல்லா விழிநடுக்கத்தையும் பயிற்சியால் போக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிறவியிலேயே கண்ணாட்டம் உடைய பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு உலகம் சுழல்வதில்லை; மூளை அந்த ஆட்டத்தோடேயே வளர்ந்துவிட்டது. ஆனால் தொலைவிலுள்ள எழுத்து தெளிவாகத் தெரியாது. அவர்களில் பலர் தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில் ஆட்டம் குறைந்து பார்வை தெளிகிறது. நேராக உட்கார் என்று அதட்டும் ஆசிரியர், அப்பிள்ளை தானே கண்டுபிடித்த மருத்துவத்தைப் பறிக்கிறார். திடீரென்று தோன்றும் விழிநடுக்கமோ, பேச்சுக் குழறலோடும் கைகால் சோர்வோடும் வந்தால் மூளை நோயின் அறிகுறியாகலாம். அங்கே பயிற்சிக்கு இடமில்லை, உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

காவடி எடுத்தவரிடம் திரும்புவோம். லண்டனில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுழன்றாடும் பாலே நடன மங்கையர் 29 பேரையும், படகு வலிக்கும் மங்கையர் 20 பேரையும் இருட்டறையில் ஒரு நாற்காலியில் வைத்துச் சுழற்றினார்கள். நாற்காலி நின்றபின் நடன மங்கையருக்குச் சுற்றல் விரைவில் நீங்கியது. அவர்களுடைய சிறுமூளையில், செவிச் செய்தியை ஆராயும் பகுதியே பயிற்சியால் மாறியிருந்தது. செவி எல்லார்க்கும் ஒன்றே. அதன் பொய்ச் செய்தியைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கு மூளை கற்றுக்கொள்கிறது. ஆண்டுதோறும் ஆடிப் பழகிய காவடிக்காரர் கற்றதும் இதனையொத்ததே என்று கருதலாம். 1984-இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா, எடையற்ற நிலையில் வரும் தலைசுற்றலுக்கு யோகாசனம் உதவுமா என்று அங்கேயே செய்து பார்த்தார். பயிற்சியை நாடும் எண்ணம் நமக்குப் புதிதன்று.

காதார்ன், கூக்ஸி பட்டியலில் சரிவு முன்னும் படி பின்னும் வருவதை நீங்கள் கவனித்திருக்கலாம். பழனியிலும் இரண்டு வழிகள் உண்டு. சரிவாகச் செல்லும் யானைப்பாதை ஒன்று, படிவழி மற்றொன்று. தலைசுற்றலிலிருந்து தேறி வருபவர் துணையோடு வந்தால் யானைப்பாதையில் தொடங்குவதே முறை. ஏறுவதைவிட இறங்குவது கடினம். தலை குனிகிறது, படிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன, இடையில் வையாபுரிக் குளத்தையோ எதிரேயுள்ள இடும்பன் மலையையோ பார்க்கத் தலையைத் திருப்பினால் கால் ஐயுறுகிறது. அவ்வேளையில் பக்கச் சுவரை இறுகப் பற்ற வேண்டியதில்லை. விரல் நுனி மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தாலே உடலின் ஆட்டம் குறைகிறது என்று 1990களில் அமெரிக்காவில் அளந்து கண்டார்கள். உடலைத் தாங்க முடியாத அவ்வளவு இலேசான தொடுதலே போதும். பழனிப் படிகளில் இறங்கும் முதியவர்களின் கைகளைப் பாருங்கள். பிடிப்பதில்லை, சுவரின்மேல் விரல்களை ஓடவிட்டுக்கொண்டே இறங்குகிறார்கள்.